வரியில் அடங்காத சொல்

செவ்வாய்க்கிழமை.

உக்கடத்துல நான் டிசைன் பண்ற பிளக்ஸ் கடைக்கு இன்னைக்கு மருந்து இன்ஸ்பெக்டர் வந்தார். ஒரு வைத்தியருக்கு நாங்க அடிச்ச போர்டைப் போன்ல காட்டினார்.

"சர்க்கரை நோய் குணமாகும்னு விளம்பரம் பண்றது சட்டப்படி குத்தமுங்க. யாரு எழுதுனது?"

"வைத்தியர் குடுத்ததுதானுங்க," என்றார் முதலாளி.

வைத்தியர் எழுதிக் குடுத்தது 'ஆலோசனை வழங்கப்படும்'. பெரிய எழுத்துல அது வரிக்குள்ள அடங்கலை. 'குணமாகும்'னு நான்தான் மாத்திப்போட்டேன்.

பயத்தோடயே ஊட்டுக்கு வந்தேன். பிரிட்ஜ்ல அம்மாவோட இன்சுலின் அப்படியே இருந்துச்சு.

"ஏம்மா, ஊசி போட்டுக்கலையா?"

"ரெண்டு நாளா நிறுத்திப்போட்டேன் கண்ணு. அந்த வைத்தியர்கிட்டப் போலாம்னு இருக்கேன். நீ அடிச்ச போர்டுதானே, பொய்யா இருக்குமா?"