உத்திரவாதம் உண்டு

மார்ச் 3, செவ்வாய்

மனைவியின் பேட்டரிச் சக்கர நாற்காலி இன்று நின்றுவிட்டது. பதற்றம் வந்தால் எனக்கு ஒன்றும் ஓடாது. ஆகவே இனி எழுதவேண்டியவற்றை முதலிலேயே வரிசைப்படுத்திக்கொள்கிறேன்.

1. நாற்காலிக்கு என்ன ஆனது.
2. கம்பெனியின் சர்வீஸ் சென்டர். உத்தரவாத அட்டையை எடுத்துப்போக மறக்கக்கூடாது.
3. விற்ற இணையக் கடைக்காரர். தேவைப்பட்டால் மட்டும்.
4. விளம்பரக்காரர். அச்சகத்து நண்பர், அவரைத் தொந்தரவு செய்யக்கூடாது. கடையைப் பற்றி எங்கோ கேள்விப்பட்டுச் சொன்னார், அவ்வளவுதான். அவருக்கும் அதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை.
5. மனைவியிடம் எரிந்துவிழாமல் இருத்தல்.

முதல் குறிப்பு. இடது சக்கரத்தின் மோட்டார் செத்துவிட்டது. வலது மட்டும் ஓடுகிறது. அதனால் நாற்காலி நின்ற இடத்திலேயே வட்டமடிக்கிறது. மருந்துக்கடை வாசலில் அவள் சுற்றிச் சுற்றி வந்திருக்கிறாள். கடைக்காரர் பிடித்து நிறுத்திவிட்டு எனக்குப் போன் செய்தார். நான் மூச்சிரைக்கப் போய்ச் சேர்ந்தபோது சிரித்துக்கொண்டுதான் இருந்தாள். "பம்பரம் விட்டாச்சு, நிறுத்தத்தான் ஆளில்ல," என்றாள்.

வீட்டுக்குள் வந்ததும் சிரிப்பு நின்றுவிட்டது.

மார்ச் 5, வியாழன்

பழைய தள்ளு நாற்காலியைப் பரண்மேலிருந்து இறக்கித் துடைத்தேன். "எங்கே போகணுமோ சொல்லு, தள்ளிக்கிட்டுப் போறேன்," என்றேன்.

"உங்களக் கேட்டுட்டுப் போனா அது வெளியே போறது இல்லீங்க. லீவு லெட்டர் குடுக்கறது."

பள்ளிக்கூடத்தில் தாவரவியல் நடத்தியவள். கால்கள் விழுந்த பிறகு எங்கே போவதானாலும் என் முகத்தைப் பார்க்கவேண்டியிருந்தது. பேட்டரி நாற்காலி வந்த பிறகுதான் மதியம் தானாகக் கிளம்பிக் கால்வாய்க் கரைவரை போய், பார்த்த மரத்தையும் கேட்ட வம்பையும் அள்ளிக்கொண்டு திரும்புவாள். எங்கே போனாய் என்று நான் கேட்டால் "சொல்லமாட்டேன்" என்பாள். அந்தச் சொல்லமாட்டேனில் அவளுக்கு எத்தனை மகிழ்ச்சி!

இன்று மதியம் முழுக்கச் சன்னலோரம் இருந்தாள். பழைய நாற்காலியைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

மார்ச் 9, திங்கள்

சர்வீஸ் சென்டர். வேனில் ஏற்றி இறக்குவதற்குள் இடுப்பு போய்விட்டது. கவுன்டரில் இருந்த பெண் நாற்காலியின் அடியில் குனிந்து தொடர் எண்ணைப் பார்த்து, கணினியில் தட்டினாள். முகம் மாறியது.

"சார், இது எங்க நாற்காலிதான். ஆனா இங்க விக்கறதுக்காக நாங்க அனுப்பினது இல்ல. வேற நாட்டுக்குப் போனது. எங்க அங்கீகாரம் இல்லாத ஆள்கிட்ட வாங்கியிருக்கீங்க. அதுக்கு எங்க உத்தரவாதம் வராது."

"அட்டை இருக்கேம்மா."

"அட்டையத் திருப்பிப் பாருங்க சார்."

திருப்பினேன். அங்கீகரிக்கப்பட்ட விற்பனையாளரிடம் வாங்கியவற்றுக்கு மட்டுமே. பொடி எழுத்து. அச்சகத்தில் மெய்ப்புத் திருத்திப் பிழைத்தவன் நான், பொடி எழுத்துதான் எனக்குச் சோறு போட்டது. என் வீட்டுக்கு வந்த அட்டையை மட்டும் திருப்பவில்லை.

காசு கொடுத்துச் சரிசெய்யலாமாம். மோட்டாரை வெளியிலிருந்து வரவழைக்கவேண்டும், எப்போது வரும் என்று சொல்ல முடியாதாம். சரி என்றேன். அந்தப் பெண்ணைக் கோபித்துக்கொள்ள முடியவில்லை. எனக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

மார்ச் 10, செவ்வாய்

மூன்றாவது குறிப்பு. கடைக்குப் போன் செய்தேன். ஓர் இளைஞனின் குரல்.

"கம்பெனிப் பொருள் சார். கம்பெனியக் கேளுங்க."

"அவங்க உங்களக் கேக்கச் சொல்றாங்களே."

"அப்ப நானும் அவங்களையே கேட்டுக்கறேன்," என்று சொல்லிச் சிரித்தான். பக்கத்தில் இன்னொருவரும் சிரித்தது கேட்டது. நான் "நன்றி" சொல்லிவிட்டு வைத்தேன்.

எதற்கு நன்றி? அறுபது வயதைத் தாண்டி எத்தனையோ காலம் ஆகிவிட்டது, இன்னும் ஏன் இப்படி இருக்கிறேன்?

மார்ச் 14, சனி

பூங்காவில் விளம்பரக்காரர். வழக்கமான பெஞ்சு, வழக்கமான சதுரங்கப் பலகை. அச்சகத்தில் அவர் விளம்பரம் எழுதுவார், நான் திருத்துவேன். 'உத்தரவாதம்' என்பதை எப்போதும் 'உத்திரவாதம்' என்றுதான் எழுதுவார். நான் அடிப்பேன், அவர் சண்டைக்கு வருவார். "உத்திரம் கூரையத் தாங்குதில்ல? அது மாதிரி தாங்குறதுதான்யா உத்திரவாதம். உன் எழுத்துல கூரையே நிக்காது!" அச்சகமே சிரிக்கும். என் மனைவி அவருக்கு வைத்த பெயரே உத்திரம்தான்.

நாற்காலியை இந்தப் பெஞ்சில் உட்கார்ந்துதான் வாங்கினோம். அவர் போனிலேயே ஆர்டர் போட்டார். நான் முகவரி மட்டும் சொன்னேன்.

நடந்ததைச் சொன்னேன். குதிரையைக் கையில் பிடித்தபடியே கேட்டார். "அடப்பாவமே! எனக்கும் யாரோ சொன்னதுதான்யா. இந்தக் காலத்துல யாரை நம்பறது, சொல்லு?" ஆட்டம் முடியாமலே எழுந்துவிட்டார். தலைவலியாம்.

பாவம், அவர் மனத்தையும் கெடுத்துவிட்டேன். நான்காவது குறிப்பை நானே மீறியிருக்கக்கூடாது.

மார்ச் 15, ஞாயிறு

இன்று அவள் வாசல்வரைகூட வரவில்லை.

மார்ச் 17, செவ்வாய்

கடைக்காரன் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு வார்த்தை எழுதப்போகிறேன் என்று அவள் போனில் கடையின் பக்கத்தைத் தேடி எடுத்தாள். நான் சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தேன். உரக்க வாசித்தாள்.

"'உத்திரம் கூரையைத் தாங்குவதுபோல் உங்களைத் தாங்கும் நாற்காலி. இரண்டு ஆண்டு உத்திரவாதம் உண்டு.'"

வாசித்தது அவள். எனக்குக் கேட்டது அவர் குரல்.

"ஏங்க… இது நம்ம உத்திரம் இல்ல?"

"யாரு வேணாலும் எழுதலாம். ஊர்ல பாதிப் பேர் அப்படித்தான் எழுதறாங்க."

"உத்திரவாதம்னு யாரு வேணாலும் எழுதலாம். கூரை யாருக்குங்க வரும்?"

ஊசி விரலில் ஏறிவிட்டது.

மார்ச் 18, புதன்

கூலிக்கு எழுதிக் கொடுத்திருக்கலாம். என்ன கடை, என்ன பொருள் என்று தெரியாமலே — விளம்பரம் எழுதுகிறவர்கள் அப்படித்தானே? அதை மறந்தும் போயிருக்கலாம். நான் ஏன் தப்பாகவே நினைக்கவேண்டும்?

ஆனால் அந்த வாக்கியம் உறுத்துகிறது. 'உத்திரவாதம் உண்டு.' யார் தரும் உத்தரவாதம்? எழுதியவர் சொல்லவில்லை. தோன்றா எழுவாய் மாதிரி, படிப்பவரே நிரப்பிக்கொள்ளவேண்டியது. கம்பெனி தரும் என்று எழுதினால் பொய். நாங்கள் தருவோம் என்று எழுதினால் பொறுப்பு. ஒன்றும் எழுதாவிட்டால்?

பெஞ்சில் என்னிடம் வாயால் சொன்னதும் இதே வாக்கியம். "ரெண்டு வருஷம் உத்திரவாதம் உண்டுய்யா, கண்ண மூடிக்கிட்டு வாங்கு." நான் கம்பெனியை நிரப்பிக்கொண்டேன். கண்ணையும் மூடிக்கொண்டேன்.

மார்ச் 21, சனி

"நானும் வரேன். தள்ளுங்க," என்றாள். பழைய நாற்காலியில் தானே ஏறி உட்கார்ந்தாள். வழியெல்லாம் என்ன கேட்கவேண்டும் என்று மனத்துக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டே போனேன். பூங்காவில் ஒரு மரத்தடியில் நிறுத்தச் சொன்னாள். "நீங்க பேசுங்க. நான் இந்தப் பட்டையப் பாத்துக்கிட்டு இருக்கேன்."

அவர் காய்களை அடுக்கிக்கொண்டிருந்தார். போனில் அந்தப் பக்கத்தைக் காட்டினேன். வாயில் வந்தது அச்சகத்துக் கேள்விதான்.

"இந்த வாக்கியம் யாரு தர்ற உத்தரவாதம்னு சொல்லலையே?"

குனிந்த தலை நிமிராமல், அந்த நாளில் சொல்வதுபோலவே சொன்னார்: "வேணும்னுதான்யா விட்டேன். போட்டா மாட்டிக்குவோம்ல."

பிறகுதான் நிமிர்ந்தார்.

"என் பையன் கடைய்யா," என்றார். "ஆரம்பத்துல நாலு பேராவது வாங்கணுமே."

"நாலு பேர்ல நான் ஒருத்தனா?"

"நீதான்யா முதல் ஆளு. நீ எதையும் கேக்கற ஆள் இல்லையே."

திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். இதை அன்பாகச் சொன்னார்! என் பயத்தை இத்தனை வருஷம் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்து — அதுதான் அவருக்குக் கைமுதலா? அந்த நாற்காலியில் உட்காரப்போவது யார் என்று தெரியும். அவள் கையால் வாங்கிச் சாப்பிட்ட மனுஷன். தெரிஞ்சே, தெரிஞ்சேதானே செஞ்சாரு?

எழுந்தேன். மரத்தடியிலிருந்து அவள் குரல் கொடுத்தாள். "என்ன உத்திரம், கூரை நல்லா இருக்கா?"

அவர் அடுக்கிய காய்களை எடுத்துப் பெட்டியில் போட ஆரம்பித்தார்.

மார்ச் 29, ஞாயிறு

மோட்டார் இன்னும் வரவில்லை. மதியம் அவளைத் தள்ளிக்கொண்டு கால்வாய்க் கரைக்குப் போனேன். "பூங்கா வழியாப் போனா கிட்டக்க இல்ல?" என்றாள். "வேண்டாம்," என்றேன். சுற்றுவழியில் போனோம்.

கரையில் என்னைத் திரும்பி நிற்கச் சொல்லிவிட்டு, கையாலேயே சக்கரத்தைத் தள்ளிக் கொஞ்ச தூரம் தனியாகப் போனாள். வந்ததும் எங்கே போனாய் என்று கேட்டேன்.

"சொல்லமாட்டேன்," என்றாள். மூச்சு வாங்கியது. உள்ளங்கை சிவந்திருந்தது.

முதல் நாள் எழுதிய ஐந்து குறிப்புகளையும் இன்று மறுபடி படித்தேன். நான்காவது தவறு. 'அவருக்கும் அதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை.' பேனாவை வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தேன். திருத்துவதற்கு ஒன்றுமில்லை. வாக்கியம் சரியாகத்தான் இருக்கிறது. ஓர் ஒற்றுப்பிழைகூட இல்லை.