மேசைக்கு அடியில் இடிமூக்கன்

ஆகஸ்ட் 4, திங்கள்

ஆடிக்காற்று. மாடியில் காயப்போட்ட வேட்டி பக்கத்து வீட்டு முருங்கை மரத்தில். எடுக்கப் போகக் கூச்சம், அவர்களோடு பேசி மாதக்கணக்காகிறது.

வாங்க வேண்டியவை: பனங்கற்கண்டு, மிளகு (தொண்டைக்கு). தைலம் (முழங்காலுக்கு). பல்பு.

நாளை ஷூட்டிங். சேலத்து லோக்கல் சேனலில் பேட்டி நிகழ்ச்சி. நடத்துபவர் சரவணன், வயது முப்பதுக்குள். அவருக்குப் பக்கவாத்தியம் இடிமூக்கன். அதாவது நான். பன்னிரண்டு வருடம் சென்னையில் டப்பிங்; பிள்ளைகள் பார்க்கும் கார்ட்டூனில் இ.மூ. என்ற வில்லனுக்குக் குரல். தும்மினால் கோட்டை இடியும், ஊர் ஓடும். இப்போது அவன் ஸ்பாஞ்சு பொம்மை. நான் மேசைக்கு அடியில் குத்தவைத்து, ஓட்டை வழியாகக் கையை மேலே விட்டு அவனை ஆட்ட வேண்டும். அறுபத்தொரு வயதில் பதவி உயர்வு.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

புழுக்கம். மேசைக்கு அடியில் இன்னும் புழுக்கம்.

விருந்தினர்களை எனக்குக் கால்களை வைத்துத்தான் தெரியும். போன வாரம் போர்வெல் ரிக் வண்டி முதலாளி, வெள்ளை ஷூ, ஆட்டிக்கொண்டே இருந்தார். இன்று நாமக்கல்லில் கோழிப்பண்ணை வைத்திருக்கும் அம்மா. வெடித்த குதிகால், புதுச் செருப்பு. உட்கார்ந்ததும் குனிந்து அடியில் பார்த்தார்.

"ஏனுங்க, இதுக்குள்ளயா உக்காந்திருக்கீங்க? தண்ணி கிண்ணி குடிச்சீங்களா?"

இத்தனை வாரத்தில் ஒருவரும் கேட்டதில்லை. "ஆச்சுங்க" என்றேன். அதற்குள் கேமரா ஓட ஆரம்பித்துவிட்டது. என் முதல் வசனம், "உலகத்தையே அழித்துவிடுவேன்!" நாக்கு ஊருக்குத் திரும்பிவிட்டது போல. முழு இடிக்குரலில் வந்தது:

"உலகத்தையே அழிச்சுப்போடுவேனுங்க!"

அந்த அம்மா சிரித்த சிரிப்பில் செருப்பு கழன்று என் மடியில். சரவணனும் சிரித்து, கேமராக்காரரும் சிரித்து, மறுபடி எடுக்க முடியவில்லை.

சென்னையில் முதல் நாளே மேற்பார்வையாளர் சொன்னது: "உங்க ஊரு 'ங்க'வை வாசல்லயே கழட்டி வச்சுட்டு வாங்க. வில்லன் மரியாதை குடுக்கக் கூடாது." பன்னிரண்டு வருடம் ஒரு தடவைகூடத் தவறவில்லை. பயத்தோடு வெளியே வந்தேன்.

சரவணன்: "அண்ணா, இனி இதேதானுங்க. இந்த 'ங்க'வ மட்டும் உட்டுறாதீங்க."

ஆகஸ்ட் 8, வெள்ளி

தூறல். வேட்டி இன்னும் முருங்கையில்.

அந்த வீடியோத் துண்டு எல்லார் போனிலும் ஓடுகிறதாம். மலைப்பாதை முக்கு டீக்கடையில் இரண்டு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "மெரட்டறப்பக்கூட என்ன மருவாதி பாரு." "நம்மூரு ஆளுதான் எவனோ."

பக்கத்தில்தான் நின்றேன். நான்தான் அது என்று சொல்ல வாய் வரை வந்தது. டீ ஆறியது. சொந்தக் குரலில் யாருக்கு என்னைத் தெரியும்?

கவிதாவுக்குத் தெரியும். என் ஒரே மகள். அவளுக்கு ஏழு வயது இருக்கும்போது, சோறு வேண்டாமென்று தட்டைத் தள்ளினாள். இ.மூ. குரலில் கத்தினேன். விளையாட்டுக்கு இல்லை, நிஜக் கோபம். பிள்ளை நின்ற இடத்திலேயே மூத்திரம் போய்விட்டாள். அதன்பிறகு நான் சும்மா கூப்பிட்டாலும் அம்மா முதுகுக்குப் பின்னால் போய் நிற்பாள். வளர்ந்து, கல்யாணமாகிச் சென்னை போன பிறகும் போன் அம்மாவுக்குத்தான் வரும். அவள் அம்மா காரியம் முடிந்து இரண்டு வருடம். போனும் முடிந்தது.

மன்னிப்புக் கேட்டதில்லை. எந்தக் குரலில் கேட்பது என்று தெரியவில்லை.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

வெயில். ஏற்காட்டுக்குப் போகும் பைக்குகள் காலையிலிருந்து. எல்லாரும் இரண்டிரண்டு பேர்.

இன்று நான் பேசியவை: பால்காரரிடம், "அரை லிட்டர்." பூனையிடம், "போ." பிறகு, "சரி, இரு."

காலை பத்து மணிக்குக் கவிதாவுக்கு அந்த வீடியோவை அனுப்பினேன். கூடவே எழுதி அழித்தவை: 'நல்லா இருக்கியா', 'அப்பா', 'பாப்பா பார்த்தால் சிரிப்பாள்' (பேத்தி). கடைசியில் வீடியோ மட்டும் போனது.

10.20, இரண்டு நீலக் கோடு, பார்த்துவிட்டாள். மாலை ஆறு வரை ஒன்றுமில்லை.

அனுப்பியிருக்கக் கூடாது. பயந்த பிள்ளைக்கு அதே குரலையே அனுப்பியிருக்கிறேன், முட்டாள்.

ஆகஸ்ட் 13, புதன்

மேகமூட்டம். பல்பு மாட்டினேன். வேட்டியைப் பக்கத்து வீட்டம்மா மடித்துக் கதவில் தொங்கவிட்டிருந்தார்.

மாலை நாலு மணி. போன். கவிதா என்று எழுத்து.

"கண்ணு, அப்பா பேசறேன்..."

அவள் இல்லை. பேத்தி. நாலு வயது.

"நீங்க வேணாம். இடிமூக்கன்கிட்ட குடுங்க."

என்ன செய்வது? போனை வலது காதிலிருந்து இடது காதுக்கு மாற்றினேன். ஆள் மாறிவிட்டான்.

"யாரது? உலகத்தையே அழிச்சுப்போடுவேனுங்க!"

ஒரே சிரிப்பு. மறுபடி சொல்லச் சொன்னாள். ஐந்து தடவை சொன்னேன். போன் ஸ்பீக்கரில் இருந்தது போல, பின்னால் மிக்ஸி சத்தம்.

"இடிமூக்கா, நீ சாப்டியா?"

"சாப்ட்டனுங்க."

"என்ன சாப்ட?"

"பழைய சோறுங்க."

அதற்கும் சிரிப்பு. மிக்ஸி நின்றது.

"உங்க வீட்ல யார் யார் இருக்கீங்க?"

இடிக்குரல் அப்படியே இருந்தது. நான் யோசிக்கவில்லை, அவன்தான் சொன்னான்:

"நா மட்டுந்தானுங்க."

பாப்பா விழுந்து விழுந்து சிரித்தாள். பின்னால் யாரும் சிரிக்கவில்லை. "அதக் குடு சாமி" என்று கவிதாவின் குரல் கேட்டது. ஸ்பீக்கர் அணைந்தது.

"அப்பா, இப்ப உங்க குரல்ல பேசுங்க."

தொண்டையைச் செருமினேன். ஒன்றும் வரவில்லை. அவள் வைக்கவில்லை, காத்திருந்தாள்.