படத்தில் காட்டாத குளியல்

இன்று காலை பால் வாங்கிக்கொண்டு ஏறும்போது இரண்டாவது மாடித் திருப்பத்தில் மூச்சு வாங்க நின்றேன். வியர்வையைத் துடைக்கப் பையைத் துழாவினேன். உன் கைக்குட்டை அகப்பட்டது. நீலகிரித் தைல வாசனை இன்னும் போகவில்லை. நீ போய் இரண்டு வருஷம் ஆகப்போகிறது.

உனக்கும் மூச்சு வாங்குவது அந்தத் திருப்பத்தில்தான் தொடங்கியது. பிறகு முதல் மாடியிலேயே நின்றாய். கடைசி மாதங்களில் ஏறுவதற்கு முன்பே, வாசலில் குடியிருப்பவர்களின் பெயர்ப் பலகையைப் புதிதாக வாசிப்பவள்போல் நின்றுகொண்டிருப்பாய். அதில் உன் கணவர் பெயர் இன்னும் இருந்தது. நான் கவனித்தேன், கேட்கவில்லை. பிறர் விஷயத்தில் தலையிடாதது நாகரிகம் என்று நினைத்து வளர்ந்தவள் நான். கணவரும் போய், பிள்ளையும் இல்லாமல், மூன்றாம் மாடியில் என் எதிர்க்கதவுக்குப் பின்னால் தனியாக இருந்தவள் நீ; இந்தப் பக்கம் நானும் தனிதான்.

மாட்டுங்காவில் ஞாயிற்றுக்கிழமை காலைக் காட்சிதான் நமக்குத் தமிழ்ப்படம். ஏற்கெனவே பார்த்துவிட்ட கீழ்வீட்டு மாமியிடம் நீ கேட்பது ஒரே கேள்வி: "சாவு உண்டா?" உண்டென்றால், குழாய் நிற்பதற்குள் ஒரு வாளி தண்ணீர் பிடித்து, பித்தளைத் தட்டால் மூடி வைத்துவிட்டுத்தான் கிளம்புவாய். திரும்பி வந்ததும் தலைக்கு ஊற்றிக்கொள்வாய்.

"திரையிலே செத்தவளுக்கெல்லாம் தீட்டாடி உனக்கு?" என்று கேலி செய்வேன்.

"அவ செத்தாளோ இல்லையோ, நான் அழுதது நிஜம்தானே? அந்த மூஞ்சியோட எப்படி அடுப்பைத் தொடறது? நீ காலேஜிலே பொருளாதாரம் சொல்லிக் குடுக்கறவ. நோக்குப் புரியாது, போ."

எனக்கு அந்தக் காட்சிகளில் நம்பிக்கை வந்ததில்லை. காற்றே இல்லாமல் விளக்கு அணையும். இருமிக்கொண்டே முழுப் பாட்டும் பாடி முடித்துவிட்டுக் கதாநாயகி சாய்வாள். தாராவியிலிருந்து வரும் பெண்கள் முன்வரிசையில் மாரடித்துக்கொண்டு அழுவார்கள். ஒருமுறை அந்த அழுகைக்கு நடுவே ஒருத்தி கத்தினாள்: "ஏளா, செத்தவ கண்ணு ஆடுதுட்டி!" வரிசையே சிரித்தது, அடுத்த நிமிஷம், விட்ட இடத்திலிருந்து அழுதது. நீயும் அப்படித்தான், தைலக் கைக்குட்டைக்குள் சிரித்துவிட்டு அழுதாய்.

கடைசியாகப் பார்த்த படத்தில் நீ அழவில்லை. வெளியே மழை. திரையில் அவள் செத்தாள்; அடுத்த காட்சியில் பூ மூடிய பாடை தெருவில் போயிற்று. என் காதருகே வந்து சொன்னாய்:

"நடுவிலே ஒண்ணை வெட்டிடறா பாரு. எந்தப் படத்திலேயும் காட்டினதில்லை."

"எதை?"

"அவளை யார் குளிப்பாட்டினான்னு." பிறகு, திரையைப் பார்த்தபடியே: "நேக்கு யாருடி இருக்கா? செம்பூர்லேர்ந்து மச்சினர் வருவார், வாசல்லயே நிப்பார். நீ பண்ணுவியா?"

"அசடு மாதிரி பேசாதே. படத்தைப் பார்," என்றேன்.

நீ படத்தைப் பார்த்தாய். அதன்பின் அதைப் பற்றி நாம் பேசவே இல்லை.

மறுவாரம் திங்கட்கிழமை மார்க்கெட்டில் விழுந்துவிட்டாய். கல்லூரிக்குச் செய்தி வந்து நான் ஆஸ்பத்திரி போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. உன் மச்சினர் தாழ்வாரத்தில் குடையோடு நின்றிருந்தார்.

"மூணு மாடி, குறுகல் படி. ஆத்துக்குக் கொண்டுபோய் என்ன ஆகணும்? ஆயா துடைச்சு விட்டுட்டா. நேரா சயான் சுடுகாட்டுக்கே போயிடலாம்னு பாக்கறேன். நீங்க படிச்சவா, என்ன சொல்றேள்?"

"நேராகவே போகலாம்," என்றேன். யோசிக்கக்கூட இல்லை. என் குரல் வகுப்பில் பேசுவதுபோல் தெளிவாக இருந்தது.

வண்டி கிளம்பியதும் வீட்டுக்கு வந்தேன். மழை உள்ளே அடிக்குமே என்று, நீ என்னிடம் கொடுத்து வைத்திருந்த சாவியால் உன் கதவைத் திறந்தேன். குளியலறை ஜன்னலில், யுத்த நாட்களில் ஒட்டிய இருட்டடிப்புத் தாளை நீ இன்னும் உரிக்கவில்லை. கண் பழகிய பிறகுதான் தெரிந்தது. விளிம்பு வரை நிறைந்த ஒரு வாளி. அதன்மேல் பித்தளைத் தட்டு. தட்டின்மேல் துவைத்து மடித்த துண்டு. படத்துக்குப் போகும் நாளில் நீ துண்டு வைப்பதில்லை. அன்று திங்கட்கிழமை, படமும் இல்லை. வெளியே கிளம்புமுன் எனக்கென்று எடுத்து வைத்துவிட்டுப் போயிருக்கிறாய், உன்னைக் குளிப்பாட்ட.

துண்டையும் தட்டையும் எடுத்து வைத்தேன். பிறகு அந்தத் தண்ணீரை என் தலையில் ஊற்றிக்கொண்டேன். தீட்டை நான் அன்றும் நம்பவில்லை, இன்றும் நம்பவில்லை. அதை என் கையால் சாக்கடையில் கொட்ட முடியவில்லை, அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமைகளில் இப்போது தனியாகப் போகிறேன். திரையில் அவள் சாகிறாள், முன்வரிசை அழுகிறது. பாடை தெருவுக்கு வருமுன் கண்ணை மூடிக்கொள்கிறேன். அவர்கள் வெட்டிவிட்ட அந்த இடத்தில் உன் கூந்தலிலிருந்து தொடங்கி, நிதானமாக, தண்ணீர் விடுகிறேன். பாதம் வரை போவதற்குள் அடுத்த காட்சி வந்துவிடுகிறது.

கைக்குட்டையைப் பையில் வைத்துவிட்டு மெதுவாக ஏறி வந்தேன். இன்று புதன்கிழமை. குழாய் நிற்பதற்குள் ஒரு வாளி பிடித்து, உன் தட்டால் மூடினேன். அன்று நீ என்னிடம் கேட்டதைக் கீழ்வீட்டு மாமியிடம் நான் கேட்க வேண்டும். அவள் என்னைப்போல் படித்தவள் இல்லை, பதில் சொல்வாள்.