முனியாண்டிக்கு வைத்த போத்தல்

12.8.80, செவ்வாய்

காலையிலிருந்து தூறல். தேயிலைக் கொழுந்து முழுக்க ஈரம், கூடை கனம். விரலெல்லாம் விறைத்துப்போச்சு.

முனியாண்டி பூசை முடிந்தும் நேர்த்திக்கடன் போத்தல்கள் இன்னும் எங்கள் குசினி மேசைக்கடியில்தான். பீர், ஸ்டவுட், பேர் தெரியாத சம்சுச் சாராயம். என் வீட்டுக்காரர் இவர்தான் பூசாரி, அதனால் வீடுதான் சாமிக்கு ஸ்டோர். லயத்து ஆம்பளைகள் தினமும் "அண்ணே, பிரசாதம்" என்று வந்து நிற்பார்கள். இவர் ஊற்றிக் கொடுப்பார். குடித்தவன் போகிற வழியில் கோயில் உண்டியலில் ஏதோ போடுவான். வருஷா வருஷம் இதே வழக்கம். கோயிலுக்குத் தகரக் கூரை போட்டதே அப்படித்தான்.

வாங்க: மண்ணெண்ணெய், உப்பு, மகளுக்குப் பள்ளிக் காலுறை.

13.8, புதன்

பனி. காலைப் பெரட்டில் ஆள் கணக்கெடுக்கும்போது ஒரே பேச்சு. கோலா தெர்லா பக்கம் ஒரு கடைக்காரரைக் கஸ்டம்ஸ் பிடித்துவிட்டதாம். லைசென்ஸ் இல்லாமல் பின்கட்டில் ஊற்றிக் கொடுத்தாராம்.

தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "சரசு, ஒங்க வீட்டு விஷயமும் டவுன் வரைக்கும் போயிருச்சு. லைசென்ஸ் இல்லாம சாராயத்த ஊத்திக் குடுத்துக் காசு வாங்குனா கேஸுதான். அபராதம், இல்ல ஜெயிலு. தொர வேலய விட்டு எடுத்துருவாரு. வேல போனா வீடும் போச்சு."

இவரிடம் சொன்னேன். சிரிக்கிறார். "குடுக்கறது முனியாண்டி. அவருகிட்ட போயி லைசென்ஸ் கேக்கச் சொல்லுலா."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. மகளைப் பெற்றது இந்த வீட்டில். இதை விட்டால் எங்கே போவோம்? பயமாக இருக்கிறது.

14.8, வியாழன்

வெயில். அதிசயம்தான்.

தலைவலி என்று சொல்லி வேலைக்குப் போகவில்லை. இவர் மருந்தடிக்கப் போனதும் எல்லாப் போத்தலையும் கோயிலுக்குப் பின்னால் கொண்டுபோய்க் கவிழ்த்தேன். மன்னிச்சுக்கோ சாமி என்று கன்னத்தில் போட்டுக்கொண்டேன். வீடெல்லாம் நாற்றம். சாம்பிராணி போட்டும் போகவில்லை.

இவர் வந்தார். மேசைக்கடியில் குனிந்து பார்த்தார். சோறு வேண்டாமாம்.

15.8, வெள்ளி

வந்தே விட்டார்கள். ஜீப்பில் இரண்டு கஸ்டம்ஸ் ஆட்கள். அரிசி டின் வரைக்கும் கவிழ்த்துப் பார்த்தார்கள். ஒன்றும் இல்லை. எனக்கு அப்போதுதான் உயிர் வந்தது.

ஜீப்பில் ஏறப்போன தமிழ் ஆபீசர் கோயிலைப் பார்த்தார். இவர் விளக்கேற்றிக்கொண்டிருந்தார். ஆபீசர் சப்பாத்தைக் கழற்றிவிட்டு உள்ளே போய்க் கேட்டார்.

"பூசாரி, சாராயம் ஊத்திக் குடுத்தீங்களா?"

"குடுத்தேங்க."

"காசு?"

"உண்டியல்ல போடுவாங்க."

பாவி மனுஷன். வீட்டு வாசலில் கேட்டிருந்தால் இல்லை என்று சொல்லியிருப்பார். சாமி முன்னால் அவருக்குப் பொய் வராது. அவரை ஏற்றினார்கள். சாட்சிக்கு உண்டியலையும் ஏற்றினார்கள். மகள் ரோடு வரைக்கும் ஜீப் பின்னால் ஓடினாள்.

16.8, சனி

மழை. கிராணி ஜாமீனுக்கு அலைகிறார், திங்கள் ஆகுமாம். துரை கூப்பிட்டுச் சொல்லிவிட்டார்: கோர்ட்டில் குற்றம் என்று ஆனால் வீட்டைக் காலி செய்யணும். மகள் சாப்பிடவில்லை. இவரை நன்றாகத் திட்டவேண்டும் போல ஆத்திரம். திட்ட ஆள் இல்லையே என்று அழுகை.

சாயங்காலம் பக்கத்து வீட்டு வேலு வந்தான். பிரசாதத்துக்குத் தினமும் முதல் ஆளாக நின்றவன். கண் கலங்கியிருந்தது. கையில் துணி சுற்றிய போத்தல்.

"அக்கா, அண்ணன் நல்லபடியா வெளிய வரணும்னு முனியாண்டிக்கு வேண்டிக்கிட்டேன். கோயிலு பூட்டிக் கெடக்கு. வழக்கம்போல வீட்டுல வெச்சிருங்கக்கா."

நான் வாயைத் திறப்பதற்குள் படியில் வைத்துவிட்டுப் போய்விட்டான்.

ஸ்டவுட். இன்னும் படியில்தான் நனைகிறது. உள்ளே எடுக்கப் பயம். கொட்டலாம் என்றால், போன தடவை கொட்டியதற்குச் சாமி கோபித்துத்தானே இத்தனையும் என்று தோன்றுகிறது.