நெட்டை மெழுகுவர்த்தி

மார்ச் 3

அம்மா,

நல்லா இருக்கேன். ஃபோன்ல பேசினா சண்டை வரும், அதான் எழுதுறேன். நான் எதைச் செஞ்சாலும் நீ திருத்துறேன்னுதானே கோவிச்சுக்கிட்டு ஹாஸ்டலுக்கு வந்தேன்? அதை விடு. நீ காலேஜ்ல நடத்துற பாடத்துல ஒரு சங்கதி. இந்தத் தடவை பரீட்சைக்குப் பதிலா, ஒரு பாடத்தை நாங்களே வீடியோ எடுத்து விளக்கணும். நெட்டை மெழுகுவத்தி ஒண்ணு, குட்டை ஒண்ணு. ரெண்டையும் ஏத்திட்டு மேல ஒரே கண்ணாடி ஜாடியைக் கவுத்துட்டோம். எது முதல்ல அணையும்? வீடியோ உன் ஃபோனுக்கு வந்திருக்கும். நடுவுல "ஐயோ, முடி கருகுது"ன்னு கத்துறது நான் இல்லை, கேமராக்காரி. முதல்ல உனக்குத்தான் காட்டுறேன்.

வாலு

மார்ச் 7

என் செல்ல வாலுவுக்கு,

உன் கடிதத்தை வாசலில் நின்றபடியே படித்தேன். ஒழுங்காகச் சாப்பிடுகிறாயா? வீடியோவில் கன்னம் ஒட்டித் தெரிகிறது.

ஒன்றே ஒன்று. நெட்டை முதலில் அணைவதாகக் காட்டுகிறீர்கள். தவறு. கரியமில வாயு காற்றைவிடக் கனம்; அடியில் தேங்கிக் குட்டையைத்தான் முதலில் அணைக்கும். இத்தனை வருடம் கல்லூரியில் இதைத்தான் நடத்துகிறேன். ஜாடியைச் சரியாகக் கவிழ்த்திருக்க மாட்டீர்கள். கொடுப்பதற்கு முன் மாற்றிவிடு.

அன்புடன்,
அம்மா

மார்ச் 11

அம்மா,

நாங்களும் குட்டைதான்னு நினைச்சு வசனமே எழுதி வெச்சிருந்தோம். ஒவ்வொரு தடவையும் நெட்டைதான் போச்சு. நம்ம தப்புதான்னு நாள் பூரா திரும்பத் திரும்ப எடுத்தோம். அப்புறம்தான் உறைச்சது: எரிஞ்சு வர்ற வாயு சூடா இருக்குல்ல? சூடானது மேலதானே போய்ச் சேர்ந்து நெட்டையை முதல்ல அணைக்கும்? வீடியோ கடைசியில அதைத்தான் சொல்றேன். நீ அதுவரைக்கும் பார்க்கவே இல்லை. இனிமே உனக்கு எதையும் காட்ட மாட்டேன்.

மார்ச் 16

வாலு,

பார்க்கவில்லைதான். தவறு என்று தோன்றியதும் நிறுத்திவிட்டேன்.

நேற்று முன்தினம் சமையலறையில் நானே ஏற்றிப் பார்த்தேன். நெட்டை அணைந்தது. வேறு ஜாடி எடுத்தேன். மறுபடியும் நெட்டை. பிறகு உட்கார்ந்து, நீ கையை ஆட்டி ஆட்டி விளக்கும் இடம்வரை பார்த்தேன். இவ்வளவு தெளிவாக நான் ஒருநாளும் நடத்தியதில்லை.

நேற்று வகுப்பில், "நான் சொல்லிக்கொடுத்தது தப்பு" என்றேன். பின்வரிசையிலிருந்து ஒருத்தி, "அப்ப நெட்டைன்னு எழுதினதுக்கு எனக்குப் போட்ட சைபர், மேடம்?" என்றாள். ஒரே சிரிப்பு. திருத்திக் கொடுத்தேன். இனி அவர்களும் வீடியோ எடுக்கப் போகிறார்கள். மாதிரிக்கு நானே ஒன்று எடுத்து உனக்கு அனுப்பியிருக்கிறேன். பார்ப்பாயா? குறை இருந்தால் தயங்காமல் சொல்.

உன் அம்மா

மார்ச் 20

அம்மா,

கேமராக்காரியோட உட்கார்ந்து ரெண்டு தடவை பார்த்தேன். உன் கட்டைவிரல் பாதிப் படத்தை மறைக்குது. நெட்டை அணையுற நேரத்துல ஃபோன் சுவத்தைப் பார்க்குது, "அடடா, போயிடுச்சு!"ன்னு உன் குரல் மட்டும்தான் வருது. சுத்தமா தேறாது. மறுபடி எடுக்கணும்.

சனிக்கிழமை வரேன். ஃபோனை நான் பிடிக்கிறேன், நீ பேசு.

வாலு