புகைபோக்கியின் உயரம்

நகரத்தின் மேற்கே பாணேரைத் தாண்டி இருக்கும் அந்தக் கட்டடத்தின் மாடிப்படியில் நேற்று ஏறும்போதே வாசனை வந்துவிட்டது. ஆய்வுக்கூடத்தில் கிருமிகளை வளர்ப்பதற்குக் காய்ச்சும் இறைச்சிச் சாற்றின் வாசனை. பக்கத்தில் யாரும் இல்லை என்று தெரிந்தும் திரும்பிப் பார்த்தேன். நீ இருந்திருந்தால், "பாயா கொதிக்குது, ரொட்டி எங்கய்யா?" என்றிருப்பாய்.

நீ கண்ணை மூடி மூன்று மழைக்காலம் ஆகிறது.

மாநிலத் தொழில் துறையில் நாம் எதிரெதிர் மேசையில் இருந்தோம். தொழிற்பேட்டையில் இடம் கேட்டு வரும் விண்ணப்பங்களைச் சரிபார்ப்பது என் வேலை. விண்ணப்பப் படிவத்தின் பதினான்காவது கட்டத்தில் புகைபோக்கியின் உயரத்தைக் கேட்டிருக்கும். இரும்பு வார்ப்படப் பட்டறைகளை மனதில் வைத்து யாரோ எப்போதோ எழுதிய கேள்வி. சொட்டுப் பாலை வைத்து மாட்டின் மடிநோயைக் கண்டுபிடிக்கும் சோதனை அட்டையைச் செய்துகொண்டிருந்த ஒரு பெண், அந்தக் கட்டத்தில் 'இல்லை' என்று எழுதியிருந்தார். எண்ணால் நிரப்பவும் என்று திருப்பி அனுப்பினேன். பூஜ்யம் என்று வந்தது. குறைந்தபட்ச உயரத்துக்கும் கீழே இருக்கிறது என்று மறுபடியும் திருப்பினேன். இதை எழுத இப்போதும் கூச்சமாக இருக்கிறது. அன்று அதை ஒழுங்கு என்றுதான் நினைத்தேன்.

என் குறிப்பைப் படித்துவிட்டு நீ சிரித்த சிரிப்பில் பக்கத்து அறையிலிருந்து ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள். "இன்னாய்யா, பூஜ்யத்துலயும் குத்தம் கண்டுபிடிச்சிட்ட! வா, அந்தப் புகையில்லாத ஃபேக்டரிய பாத்துட்டு வரலாம்."

போபோடி சந்தில் அந்தப் பெண்ணின் இரண்டறை வீடு. சமையலறையில் குக்கர் விசிலடித்தது. நீ மூக்கை உறிஞ்சி, "பாயாவா தாயி?" என்று மராட்டியில் கேட்டாய்.

"கிருமிக்கு வெச்ச சாப்பாடு. அதுங்களுக்கே பத்தல," என்றார் அந்தப் பெண். பிறகு என்னைப் பார்த்தார். "புகைபோக்கி கேட்ட சிம்னி சாகேப் இவர்தானா?"

ஆமாம் என்று தலையாட்டினேன். அவர் விவரம் சொன்னார். பக்கத்து மாநிலத்தில் தயாராக அறை தருகிறார்களாம். விலையுயர்ந்த கருவிகளைச் சின்ன நிறுவனங்கள் பங்கிட்டுக்கொள்ளலாமாம். எல்லா அனுமதியும் ஒரே மேசையிலாம். மாதக் கடைசியில் கிளம்புகிறேன் என்றார். குறையாகச் சொல்லவில்லை. அதனால்தான் உறுத்தியது.

திரும்பும் வழியில் கட்கி டீக்கடையில் டீ ஆறிக்கொண்டிருந்தபோது நீ சொன்னாய்: "இதையெல்லாம் நாமளும் செய்யலாம்னு எழுது."

"மேலேருந்து உத்தரவு இல்லாம நான் எப்படி எழுதறது?"

"கீழேருந்து ஒருத்தன் எழுதுனாதான் மேலேருந்து உத்தரவு வரும். சர்க்காரே மாட்டக் கறக்க வேணாம்யா. கொட்டாய் போட்டா போதும்."

மூன்று பக்கம் எழுதினேன். பதினான்காம் கட்டத்தை நீக்கலாம். தொழிற்பேட்டையில் காலியாகக் கிடக்கும் பழைய கூடத்தைச் சிறு அறைகளாகப் பிரித்து வாடகைக்கு விடலாம். குளிர் அறையையும் பொதுக் கருவிகளையும் அரசே வைக்கலாம். அனுமதி தரும் அதிகாரிகள் வாரம் ஒருநாள் ஒரே இடத்தில் உட்காரலாம். கடைசியில், 'இது என் தாழ்மையான கருத்து. தவறாகவும் இருக்கலாம்' என்று முடித்தேன். நீ வாங்கிப் படித்தாய். அந்தக் கடைசி வரியை உன் பேனாவால் ஒரே கோடாக அடித்து, என் கையெழுத்துக்குக் கீழே உன் கையெழுத்தையும் போட்டாய். கோப்பை மேலே அனுப்பினோம்.

துறையின் பெரியவரிடமிருந்து அது 'பேசவும்' என்ற குறிப்போடு திரும்பி வந்தது. இரண்டு நாள் தள்ளிப்போட்ட பிறகு இருவரும் போனோம். உள்ளே போனால் பெரியவர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "அந்தக் கட்டம் இத்தனை நாள் எதுக்கு இருந்தது?" நான் கோப்பைப் புரட்டத் தொடங்கினேன். நீ, "இவர் நீக்கறதுக்குத்தான் சார்," என்றாய். அவரும் சிரித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

மாதக் கடைசிக்கு நான்கு நாள் முன்னால், அவசரமாகத் தடுப்புப் போட்ட முதல் அறையின் சாவியை அந்தப் பெண்ணிடம் கொடுத்தோம். அன்று எல்லோருக்கும் பேடா வாங்கி, கெடக்கூடாதென்று புதிய உறைபெட்டிக்குள் வைத்தாயே, நினைவிருக்கிறதா? அது கூழாங்கல்லைப் போலாகிவிட, பெரியவர் கடித்துவிட்டுத் தாடையைப் பிடித்துக்கொண்டார்.

அந்தப் பெண்ணுக்கும் இப்போது தலை நரைத்துவிட்டது. அன்றைய கூடத்தில் முளைத்த நிறுவனங்கள் வளர்ந்து வேறு வேறு கட்டடங்களுக்குப் போய்விட்டன. நேற்று நான் ஏறியது அவருடைய மாடிப்படிதான். "வாங்க சிம்னி சாகேப்," என்று எல்லோர் முன்னாலும் கூப்பிட்டார். வெட்கமாக இருந்தது. ரொம்பப் பிடித்தும் இருந்தது. உயிர் அறிவியல் தொழில்களுக்கு மாநிலம் புதிய கொள்கை எழுதுகிறதாம், பழைய ஆட்களின் கருத்தையும் கேட்கிறதாம். என்னையும் எழுதச் சொன்னார்.

இன்று காலை உட்கார்ந்து எழுதி முடித்தேன். கிராமத்துக் கால்நடை மருத்துவர்களும் இந்தக் கருவிகளைத் தொட்டுப் பழக ஓர் அறை வேண்டும் என்பதுதான் சாரம். கை தானாகவே கடைசி வரிக்குப் போனது: 'தவறாகவும் இருக்கலாம்.'

பேனாவை எடுத்து ஒரே கோடாக அடித்தேன். உன் கோடு நேராக இருக்கும். என்னுடையது கொஞ்சம் வளைந்திருக்கிறது. கீழே கையெழுத்துப் போட்டேன். உனக்கும் கொஞ்சம் இடம் விட்டிருக்கிறேன்.