தண்ணீர் குடிக்க வந்தவர்கள்

என் தலைக்கு மேலே சுவரில் ஒரு வெள்ளைப் பெட்டியை மாட்டியிருக்கிறார்கள். கால் மணிக்கு ஒருமுறை அது 'புஸ்' என்று ஒரு வாசனையைத் துப்புகிறது. எலுமிச்சைப்புல்லாம். மாணவர்களின் மனம் அமைதியாகுமாம். எனக்குக் குமட்டுகிறது. பெங்களூர் பிரேசர் டவுனிலிருந்து கல்லூரிக்குப் பஸ்ஸில் நசுங்கி வந்து உட்கார்ந்ததும் முதல் 'புஸ்' முகத்தில் அடிக்கும். உடனே உன் ஞாபகம் வரும். நீ இருந்தால் முதல் நாளே ஸ்டூல் போட்டு ஏறி, அந்தப் பெட்டியின் பேட்டரியைக் கழற்றிக் கைப்பையில் போட்டுக்கொண்டிருப்பாய். யாராவது கேட்டால், "சும்னே சும்னே காரணமே இல்லாம சீறுது மேடம், பயமா இருக்கு" என்று முகத்தை அப்பாவியாக வைத்துக்கொண்டிருப்பாய்.

நீ போய் இரண்டு வருஷமாகிறது. நம் பதினான்காம் நம்பர் அறையும் போய்விட்டது. மாடிப்படிக்குக் கீழே, ஈரத் துடைப்பமும் பழைய விடைத்தாள் கட்டும் நாறிக் கிடந்த அந்த அறையை இடித்து, கண்ணாடிக் கதவு போட்டு, 'மாணவர் நலவாழ்வு மையம்' என்று பலகை வைத்துவிட்டார்கள். நாற்காலிக்குப் பதிலாகப் பொதபொதவென்று பஞ்சு மூட்டைகள். உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியாது. கவலையோடு வருகிற பிள்ளை முதலில் அந்த மூட்டையிலிருந்து எழப் போராட வேண்டியிருக்கிறது. எதிர்ச்சுவருக்கு 'நன்றிச் சுவர்' என்று பெயர். மாணவர்கள் தங்கள் நன்றியைக் கலர் காகிதத்தில் எழுதி ஒட்ட வேண்டும். திறப்பு விழாவுக்கு முந்தின நாள்வரை ஒருவரும் ஒட்டவில்லை. ஆகவே அலுவலகத்தில் நாங்களே உட்கார்ந்து எழுதி ஒட்டினோம். எழுத்து ஒரே மாதிரி இருக்கக் கூடாது என்று நான் இடது கையால் எழுதினேன். 'இந்த மையம் என் இரண்டாவது வீடு' என்பது என்னுடையது. சீ.

நான் இங்கே கவுன்சிலர், பட்டத்தைச் சட்டம் போட்டு மாட்டி வைத்திருப்பவள். நீ வாசலில் மேஜை போட்டு உட்கார்ந்த ஆபீஸ் அசிஸ்டென்ட், நீலசந்திராவில் பத்தாவதோடு படிப்பை நிறுத்தியவள். யாராவது இருந்தால் என்னை 'மேடம்' என்பாய், இல்லாவிட்டால் வாடி போடிதான். பிள்ளைகள் என்னைப் பார்க்கத்தான் வந்தார்கள், ஆனால் பாதிப் பேர் உன் மேஜையைத் தாண்டவில்லை. எனக்கு அதில் கொஞ்சம் எரிச்சல்கூட இருந்தது. இப்போது சொல்வதில் என்ன வெட்கம்?

உன் மேஜை ஓரத்தில் குழாய் வைத்த மண்பானை ஒன்று இருந்தது. சிவாஜிநகரில் வாங்கி பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவந்தாய். கண்டக்டர் அதற்கும் டிக்கெட் எடுக்கச் சொன்னானாம். "காலிப் பானைப்பா, ஆஃப் டிக்கெட் குடு" என்று நீ சொல்ல, பஸ்ஸே சிரித்ததாம். யார் வந்தாலும் நீ பெயர் கேட்பதற்கு முன்னால் ஒரு டம்ளர் தண்ணீர் பிடித்து நீட்டுவாய். "குடி மொதல்ல. சொல்றதா இருந்தா அப்புறம் சொல்லு. சொல்லலன்னாலும் ஆய்த்து, பரவால்ல, குடிச்சிட்டுப் போ." இதைத் தமிழில் சொல்வாய், கன்னடத்தில் சொல்வாய், வடக்கேயிருந்து வந்த பிள்ளைகளிடம் உன் ஓட்டை இந்தியில் சொல்வாய். அழுகிறவர்கள் டம்ளரை வாயில் வைத்ததும் அழுகையை ஒரு நிமிஷம் நிறுத்தித்தான் ஆக வேண்டும். அந்த ஒரு நிமிஷம் போதும் என்பாய்.

வருகிறவர்களின் பெயரையும் வகுப்பையும் வந்த காரணத்தையும் எழுத ஒரு பதிவேடு வைத்திருந்தாய். ஒருநாள் தற்செயலாக அதைப் புரட்டிப் பார்த்துத் திடுக்கிட்டேன். பக்கம் பக்கமாகக் காரணத்துக்கு நேரே உன் கோணல் எழுத்தில் ஒன்றேதான் இருந்தது: தண்ணீர் குடிக்க. தண்ணீர் குடிக்க. தண்ணீர் குடிக்க. அரியர் வைத்து நடுங்கிக்கொண்டு வந்தவனுக்கும் அதுதான், விடுதியில் அறைத் தோழிகள் ஒதுக்கி வைத்ததால் பத்து நாளாகத் தனியாகச் சாப்பிட்டவளுக்கும் அதுதான்.

"இது பொய் இல்லையாடி?" என்று சத்தம் போட்டேன்.

"எது பொய்யி? குடிச்சாங்களா இல்லியா?" என்றாய்.

பிறகு கதவைச் சாத்திவிட்டுக் காரணத்தைச் சொன்னாய். நான் வேலைக்குச் சேர்வதற்கு முன்னால், ஒரு பையன் தன் காரணத்தைத் தானே உண்மையாக எழுதிவிட்டுப் போயிருக்கிறான். அப்போதிருந்த அதிகாரி அந்தப் பக்கத்தைத் திறந்து, அவன் அப்பாவை எதிரில் உட்காரவைத்து, உரக்கப் படித்திருக்கிறார். "அந்தப் பையன் நின்னான் பாரு, மேல சட்டையே இல்லாத மாதிரி நின்னான். அன்னிக்கு முடிவு பண்ணேன். என் புக்குல இனிமே எல்லாருக்கும் தாகம்தான்." நான் பதிவேட்டை மூடி உன் மேஜையிலேயே வைத்தேன். ஆனாலும் உள்ளுக்குள், படித்த நான் இப்படிச் செய்யமாட்டேன் என்று ஒரு நினைப்பு இருந்தது.

உன்னை எடுத்த அன்று நீலசந்திராவில் உன் சந்து கொள்ளாமல் பிள்ளைகள் நின்றார்கள். ஒருவரை ஒருவர் தெரியாதவர்கள். நீங்களெல்லாம் யார் என்று உன் தங்கை கேட்கக் கேட்க, ஒவ்வொருவரும் "தண்ணி குடிக்கப் போவோம் ஆன்ட்டி" என்றார்களாம். அவள் குழம்பிப்போய் என்னிடம் வந்து, "எங்க அக்கா ஆபீஸ் வேலைன்னுதானே சொன்னா? தண்ணி ஊத்துற வேலையா பாத்தா?" என்று கேட்டாள். அழுதுகொண்டிருந்த எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

அதற்கு அடுத்த மாதம் நடந்ததைக் கேள். தர மதிப்பீட்டுக் குழு வரப்போகிறது என்று புதிய இயக்குநர் கூட்டம் போட்டார். உன் பதிவேடுகளை ஆளை வைத்துக் கம்ப்யூட்டரில் ஏற்றியிருந்தார். திரையில் முழு வட்டமாக ஒரு படம் வந்தது. வட்டம் முழுக்க ஒரே நீலம். "இத்தனை வருஷமாக மாணவர்களின் ஒரே தேவை குடிநீர்தான் என்று தெரிகிறது. அதற்கு எதற்கு ஓர் அறையும் இரண்டு ஆட்களும்?" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நான் எழுந்து, இது ஒருத்தி பிள்ளைகளைக் காப்பாற்றப் போட்ட திரை என்று சொல்லியிருக்க வேண்டும். என் வாயில் என்ன கொழுக்கட்டையா இருந்தது? நானும் சிரித்தேன். உன்னைப் பார்த்துச் சிரித்த கூட்டத்தில் நானும் ஒருத்தி என்பதை நீ தெரிந்துகொள்ள வேண்டும்.

குழுவுக்குக் காட்டுவதற்கென்று நம் அறையை இடித்து மையம் கட்ட முடிவானது; தாழ்வாரத்தில் குடிநீர் மெஷின் வந்தது. அடையாள அட்டையைக் காட்டினால்தான் தண்ணீர் விழும். அறையை இடித்த ஆட்கள் உன் பானையைக் குப்பையோடு வெளியே வைத்திருந்தார்கள். அதை வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போய் பால்கனியில் வைத்து மணி பிளான்ட் நட்டேன். உனக்குச் செய்த மரியாதை என்று வேறு நினைத்துக்கொண்டேன்.

புதிய மையத்தில் பதிவேடு கிடையாது. 'தோழன்' என்று ஒரு செயலிதான். வருகிற பிள்ளையின் காரணத்தை நான் அதில் தேர்ந்தெடுத்தால்தான் அடுத்த பக்கம் திறக்கும். மையம் திறந்த மாதத்திலேயே கோலார் தங்கவயலிலிருந்து வந்து விடுதியில் தங்கிப் படிக்கும் இரண்டாம் வருஷப் பெண் ஒருத்தி வந்தாள். வீட்டில் அவசரமாக மாப்பிள்ளை பார்க்கிறார்கள், படிப்பை நிறுத்திவிடுவார்கள், எப்படித் தடுப்பது என்று கேட்டு அழுதாள். நான் அவளுக்குத் தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை. செயலியில் 'குடும்பப் பிரச்சினை' என்பதைத் தட்டிவிட்டு, அடுத்த பக்கத்திலிருந்த கேள்விகளை ஒவ்வொன்றாகக் கேட்டு, அவள் பதில்களை அதில் ஏற்றினேன்.

தட்டிய காரணமும் ஏற்றிய பதில்களும் உடனே பெற்றோரின் கைப்பேசிக்குத் தகவலாகப் போகும். சுற்றறிக்கையில் இருந்தது. படித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டிருந்தேன். அவள் அழுதுகொண்டிருந்தபோது அது என் ஞாபகத்துக்கு வரவில்லை.

மறுநாள் காலை முதல் ரயிலில் அவள் அப்பா வந்து நின்றார். கோபக்காரர் இல்லை. என்னைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். "நல்ல வேளை மேடம், சொன்னீங்க. இல்லன்னா எங்களுக்கு ஒண்ணும் தெரிஞ்சிருக்காது. ரொம்ப நன்றி." அவருக்குப் பின்னால் பெட்டியோடு நின்றவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். "நான் உங்ககிட்ட மட்டும்தானே மேடம் சொன்னேன்?" என்றாள். அந்த நேரம் பார்த்துத் தலைக்கு மேலே வாசனைப் பெட்டி 'புஸ்' என்றது. அந்த மாத அறிக்கையில் இயக்குநர் இதைப் 'பெற்றோர் பங்கேற்பு' என்ற தலைப்பில் சேர்த்தார், என் பெயரோடு.

மூன்று வாரம் கழித்து அவள் மாற்றுச் சான்றிதழ் வாங்க வந்தாள். நூலகம், விடுதி, ஆய்வகம் என்று எல்லா இடத்திலும், இந்த மாணவியிடமிருந்து எங்களுக்கு எதுவும் வரவேண்டியதில்லை என்று கையெழுத்து வாங்க வேண்டும். அந்தத் தாளில் எங்கள் மையத்துக்கும் ஒரு கட்டம் இருக்கிறது. அவளிடமிருந்து எனக்கு ஒன்றும் வரவேண்டியதில்லை என்று நான் கையெழுத்துப் போட்டேன். "மன்னிச்சிடும்மா" என்றேன். "பரவால்ல மேடம்" என்றாள். என் பாட்டிலைத் திறந்து, "கொஞ்சம் தண்ணியாவது குடிம்மா" என்று நீட்டினேன்.

"வேணாம் மேடம்" என்றாள். தாளை வாங்கிக்கொண்டு போய்விட்டாள்.

இத்தனை வருஷத்தில் உன் கையால் தண்ணீர் வேண்டாம் என்று ஒரு பிள்ளையும் சொன்னதில்லை. அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போனதும் செடியைப் பிடுங்கி எறிந்தேன். மூன்று தடவை பானையைத் தேய்த்துக் கழுவினேன். மறுநாள் பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். இந்தக் கண்டக்டர் ஒன்றும் கேட்கவில்லை. முதல் இரண்டு நாள் தண்ணீரில் மண் வாடை அடித்தது, ஆனாலும் பிள்ளைகள் குடித்தார்கள்.

செயலியில் 'மற்றவை' என்று கடைசியில் ஓர் இடம் உண்டு. அதைத் தட்டினால் நாமே காரணத்தை எழுதலாம். அன்றிலிருந்து வருகிற ஒவ்வொருவருக்கும் அதில் எழுதினேன்: தண்ணீர் குடிக்க. அதுவும் பெற்றோருக்குப் போயிற்று. போனதும் இயக்குநரின் போன் அலற ஆரம்பித்தது. பெங்களூரில் கோடைக்குக் கோடை டேங்கர் லாரிக்குப் பின்னால் ஓடுகிற ஜனம் சும்மா இருக்குமா? "இவ்ளோ ஃபீஸ் வாங்குறீங்க, புள்ளைங்களுக்குக் குடிக்கத் தண்ணி இல்லியா? கவுன்சிலர் ரூமுக்குப் போய்த்தான் குடிக்கணுமா?" ஹெப்பகோடியிலிருந்து ஓர் அம்மா இரண்டு கேன் தண்ணீரை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு நேரே வந்து இறங்கிவிட்டாள். வாயிலில் காவலாளியோடு அவள் போட்ட சண்டையை நீ பார்த்திருக்க வேண்டும்.

இயக்குநர் என்னைக் கூப்பிட்டார். கூட்டத்தில் ஆங்கிலம் பேசுகிறவர் தனியாக இருந்தால் தமிழுக்கு வந்துவிடுவார். "என்ன மேடம் இது? வெளிய மெஷின் வெச்சிருக்கு, எதுக்கு எல்லாரும் உங்ககிட்ட வந்து தண்ணி குடிக்கிறாங்க?"

"அந்த மெஷின் கார்டு கேக்குது சார்" என்றேன்.

அவருக்குப் புரிந்ததா என்று தெரியாது. கல்லூரியின் பெயர் கெடுகிறது என்பது மட்டும் புரிந்தது. அந்த வாரமே பெற்றோருக்குத் தகவல் போவதை நிறுத்தச் சொல்லிவிட்டார். பிள்ளைகளுக்காக நிறுத்தவில்லை, தண்ணீருக்காக நிறுத்தினார். அதை நினைத்தாலும் அருவருப்பாகத்தான் இருக்கிறது. என் மேல் எனக்கிருக்கும் அருவருப்பும் குறையவில்லை. தங்கவயல் பெண்ணுக்குக் கல்யாணம் ஆகிவிட்டதா, எங்காவது படிக்கிறாளா, எனக்குத் தெரியாது. அவள் எண்ணை அழுத்தப் போய் எத்தனையோ முறை போனை வைத்துவிட்டேன்.

நன்றிச் சுவரில் இடது கையால் எழுதி ஒட்டியதை மட்டும் கிழித்துவிட்டேன். பானைக்குப் பக்கத்தில் நீ வைத்திருந்த மாதிரியே ஒரு எவர்சில்வர் டம்ளர் இருக்கிறது. என் மேஜையை இழுத்து வாசலில், நீ உட்கார்ந்த இடத்தில் போட்டுக்கொண்டேன். பட்டம் உள்ளே சுவரில் தொங்கட்டும். இந்த வாரம் பதினொரு பேர் வந்தார்கள். நான்கு பேர் சொன்னார்கள், ஏழு பேர் ஒன்றும் சொல்லாமல் குடித்துவிட்டுப் போனார்கள். பதினொரு பேருக்கும் தாகம் என்றுதான் எழுதியிருக்கிறேன்.